மொட்டை மாடியிலிருந்து மோட்டார் அறை வரை: முப்பது வயது அடுக்ககத்தில் குழாய் மாற்றிய அனுபவம்

மூன்றாம் மாடியில் ஷவரைத் திறந்தால் தண்ணீர் நூலாகத்தான் விழும். தரைத்தளத்தில் காலையில் பிடிக்கும் முதல் வாளி செம்மண் நிறத்தில் இருக்கும். இரவில் மோட்டார் நிற்கும்போது ‘டமால்’ என்று ஒரு சத்தம். மாடிப்படிச் சுவர் வரை அதிரும். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் புகார் நோட்டில் இவை ஆண்டுக்கணக்காகத் தனித்தனிப் புகார்களாக இருந்தன. வைத்தியமும் தனித்தனியாகவே நடந்தது. ஷவருக்கு பிளம்பர், சிவப்புத் தண்ணீருக்குத் தொட்டி கழுவுகிறவர், சத்தத்துக்கு மோட்டார் மெக்கானிக். ஆளாளுக்குத் தங்கள் வேலையைச் செய்து கூலி வாங்கிக்கொண்டு போனார்கள். புகார்கள் அப்படியே இருந்தன.

நான் தொழிற்சாலைப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவன். இயந்திரம் நின்றால் முதலில் வரைபடத்தைக் கேட்டுப் பழக்கம். செயலாளர் பொறுப்பு என்னிடம் வந்ததும் குழாய் வரைபடம் எங்கே என்று கேட்டேன். பழைய செயலாளர் சிரித்துவிட்டார். 1993இல் வீடுகளை ஒப்படைத்துவிட்டுப் போன கட்டுநர் சாவிக்கொத்தைத் தவிர வேறெதையும் தரவில்லை. கையில் இருந்த அனுமதி வரைபடத்தில் சுவர் இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, கார் நிறுத்தும் இடம்கூட இருக்கிறது. குழாய் மட்டும் இல்லை.

கட்டடத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். தென்சென்னை. தரைத்தளத்தோடு நான்கு தளங்கள், தளத்துக்கு நான்கு வீடுகள். அந்தக் கால வழக்கப்படி தண்ணீர் விஷயத்தில் எல்லாமே இரட்டை. மெட்ரோ வாட்டருக்கு ஒரு சம்ப், ஒரு மோட்டார், ஒரு மேல்தொட்டி. போர் தண்ணீருக்கு அதே போல் இன்னொரு வரிசை. மெட்ரோ தண்ணீர் சமையலறைக்கு, போர் தண்ணீர் குளியலறைக்கும் கழிப்பறைக்கும். தொட்டிகளிலிருந்து இறங்கும் குழாய்கள் அத்தனையும் ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. கட்டடத்தின் நடுவே வானம் பார்த்த இரண்டு சந்துகள் இருக்கின்றன, ஓ.டி.எஸ். என்பார்கள். குழாய்கள் இறங்குவது அவற்றுக்குள்தான்.

அடைப்பு எங்கே?

பொதுக்குழுவில் இரண்டு யோசனைகள் வந்தன. பெரிய மோட்டார் போடலாம் என்றார் ஒருவர். மொட்டை மாடியில் பிரஷர் பம்ப் வைக்கலாம் என்றார் இன்னொருவர். மோட்டாரின் வேலை சம்பிலிருந்து தொட்டிக்குத் தண்ணீரை ஏற்றுவதோடு முடிந்துவிடுகிறது. தொட்டியிலிருந்து வீட்டுக்கு வருவது வெறும் உயரத்தால்தான். எத்தனை குதிரைத்திறன் மோட்டார் போட்டாலும் ஷவருக்கு அது தெரியப்போவதில்லை. பிரஷர் பம்ப் யோசனை இன்னும் ஆபத்தானது. முப்பது வருடத் துருவில் நிற்கும் மரைகளில், அதாவது குழாய்களின் திருகு இணைப்புகளில், அழுத்தத்தை ஏற்றினால் எந்தச் சுவருக்குள் எது விட்டுப்போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எனவே முதலில் அளந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பத்து லிட்டர் வாளி, கைக்கடிகாரம், குழாயில் மாட்டக்கூடிய ஒரு பிரஷர் கேஜ் போதும். தண்ணீர் மட்டம் குழாய்க்கு மேலே ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் தரும். எங்கள் தொட்டியின் நீர்மட்டம் தரைத்தளக் குழாய்க்கு மேலே 13 மீட்டர் இருக்கும், அங்கே 1.3 கிலோ காட்ட வேண்டும். மூன்றாம் மாடி ஷவருக்கு மேலே நீர்மட்டம் 3 மீட்டர்தான், 0.3 கிலோவுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

தரைத்தள வீட்டில் கேஜை மாட்டினேன். முள் 1.3ஐ ஒட்டி நின்றது. அந்த வீட்டு மாமா, “பார்த்தீர்களா, பிரஷர் நன்றாகத்தானே இருக்கிறது?” என்றார். பக்கத்துக் குழாயைத் திறக்கச் சொன்னேன். முள் சரசரவென்று இறங்கிப் பூஜ்யத்தை ஒட்டிப் படுத்துவிட்டது. மூடியதும் மெல்ல ஏறியது. இதற்கு மேல் சாட்சி தேவையில்லை. நீர் நிற்கும்போது அழுத்தம் சரியாக இருந்து, ஓடும்போது காணாமல் போனால், வழியில் எங்கோ குழாய் குறுகிவிட்டது என்றே பொருள். வாளிக் கணக்கும் அதையே சொன்னது. மொட்டை மாடியில் தொட்டியடியில் உள்ள யூனியன் இணைப்பைக் கழற்றிப் பிடித்தபோது வாளி நொடிகளில் வழிந்தது. அதே தொட்டியின் தண்ணீருக்கு மூன்றாம் மாடியில் நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

குழாய் எவ்வளவு குறுகியிருக்கிறது என்று பார்க்கச் சந்துக்குள் ஒரு துண்டை அறுத்தோம். ஒன்றரை அங்குலக் குழாய். வெளியே பெயின்ட் அடித்து நன்றாகத்தான் இருந்தது. உள்ளே சுவர் முழுக்கத் துருக்கட்டிகள், கறையான் புற்று மாதிரி மேடும் பள்ளமுமாக வளர்ந்திருந்தன. நடுவில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் வழி. ஒரு கட்டியை ஆணியால் தட்டினேன். மேல் ஓடு பழுப்பு, உடைந்ததும் உள்ளே கறுப்புக் குழம்பு. காலையில் முதல் வாளி ஏன் சிவக்கிறது என்பதற்கும் விடை அதிலேயே இருந்தது. இரவெல்லாம் குழாயில் அசையாமல் நின்ற தண்ணீர், விடிந்ததும் அந்தக் குழம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. தொட்டியைக் கழுவினால் அது எப்படித் தீரும்?

குழாயின் உள்விட்டம் பாதியானால் ஓட்டமும் பாதியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அதே உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீர் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிடும். கடைசி சில ஆண்டுகளில் நிலைமை திடீரென்று மோசமானதாக எல்லோருக்கும் தோன்றியதற்கு இதுதான் காரணம்.

ஜி.ஐ. குழாய் முதலில் போவது மரையில். மரை வெட்டும்போது துத்தநாகப் பூச்சு போய்விடுகிறது, தகட்டின் தடிமனும் குறைகிறது. அந்த இடத்தில்தான் எல்போ, டீ போன்ற இணைப்புத் துண்டுகள் உட்காருகின்றன. அதோடு பித்தளை வால்வு சேர்ந்தால் இரும்பு இன்னும் வேகமாக அரிக்கும். இரண்டு உலோகம் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு நின்றால் மட்டமான உலோகம் தன்னைக் கரைத்துக்கொள்ளும். எங்கள் போர் தண்ணீரின் உப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாத்திரம் கழுவிக் காயவைத்தால் வெள்ளை பூத்துவிடும். மெட்ரோ வரிசைக் குழாய்கள் போர் வரிசையைவிட நல்ல நிலையில் இருந்ததில் ஆச்சரியமில்லை.

அறுத்த துண்டைத் துடைக்காமல் அப்படியே அறிவிப்புப் பலகைக்குக் கீழே மேசைமேல் வைத்தேன். அடுத்த கூட்டத்துக்கு அதைவிட நல்ல அஜெண்டா கிடைக்காது.

இடிக்கப்போகிற கட்டடத்துக்கு எதற்குச் செலவு?

கூட்டத்தில் வந்த உண்மையான கேள்வி குழாயைப் பற்றியதாக இல்லை. தெருவில் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. 1990களில் எங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 1.5, 2019 விதிகளுக்குப் பின் அது 2. அந்தக் கூடுதல் பரப்பை விற்றே கட்டுநர் நமக்குப் புது வீடு கட்டித் தந்துவிடுவார் என்பது கணக்கு. அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமை பற்றிய தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். ஒரே ஒரு வீட்டுக்காரர் மறுத்தால் எல்லாம் நின்றுபோகும் நிலை இப்போது இல்லை. “அப்படியிருக்க, பழைய கட்டடத்தில் எதற்குப் பணத்தைக் கொட்ட வேண்டும்?” என்றார் இரண்டாம் மாடிக்காரர். நியாயமான கேள்விதான்.

என் பதில் இதுதான். சட்டம் வழியை அகலப்படுத்தியிருக்கிறது, வழியின் நீளத்தைக் குறைக்கவில்லை. கட்டுநரோடு ஒப்பந்தம், வங்கிக் கடன் பாக்கி உள்ள வீடுகள், வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்களின் பவர் பத்திரம், திட்ட அனுமதி என்று ஒவ்வொன்றும் மாதங்களைத் தின்னும். அதுவரை தினமும் குளிக்க வேண்டும். எனவே தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இந்த மூன்றுக்கும் செலவு செய்யலாம். முகப்புக்குப் பெயின்ட், வராந்தாவுக்கு கிரானைட், வாசலுக்கு அலங்கார வளைவு எதற்கும் ஒரு ரூபாய்கூட வேண்டாம். இந்தக் கோட்டைப் போட்டதும் இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. அலங்கார வளைவு கேட்டவருக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

செலவைப் பங்கு பிரிப்பதில் இன்னொரு சச்சரவு. சதுர அடிக் கணக்கில் பிரிப்பதா, வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகவா? மொட்டை மாடி நீர்க்கசிவுத் தடுப்பு போன்ற வேலைகளுக்குப் பரப்புக் கணக்கு சரி. குழாயைப் பொறுத்தவரை இரண்டு படுக்கையறை வீட்டுக்கும் மூன்று படுக்கையறை வீட்டுக்கும் அதே நீளம், அதே வால்வு. சமமாகப் பிரித்தோம். தொட்டியிலிருந்து வீட்டு வால்வு வரை சங்கத்தின் பொறுப்பு, வால்வுக்கு உள்ளே வீட்டுக்காரரின் பொறுப்பு என்று தீர்மானத்தில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்தும் வாங்கினோம். இந்த ஒரு வரி பின்னால் எத்தனையோ சண்டைகளைத் தவிர்த்தது.

சந்துக்குள் கிடைத்தவை

வரைபடம் இல்லாததால் நாங்களே வரைந்தோம். மொட்டை மாடியில் ஒரு வால்வை மூடுவது, எந்த வீட்டில் தண்ணீர் நிற்கிறது என்று கேட்பது, குழாயில் பெயின்டால் எண் எழுதுவது. கேட்க எளிது. பழைய கேட் வால்வுகளில் பாதிக்கு மேல் தலையைத் திருகினால் திருகிக்கொண்டே போகும், உள்ளே இருக்கும் தகடு அசையாது. மூடிவிட்டோம் என்று நினைத்துக் கீழே கழற்றினால் குளிப்பாட்டிவிடும். சந்துக்குள்ளோ ஒரு வீட்டின் சமையலறை இரண்டடி வெளியே வந்திருந்தது. குழாயை உள்ளே விட்டு டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். இன்னொருவர் ஏ.சி.யின் வெளிப்பெட்டியை நேராகக் குழாய்மேலேயே தாங்கி நிறுத்தியிருந்தார். அந்தக் குழாய் இத்தனை நாள் எதையெல்லாம் சுமந்திருக்கிறது பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கண்டுபிடிப்பு குழாயில் இல்லை. முதல் தளத்தில் ஒரு குழாயை அறுக்கப் போன பிளம்பர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். “சார், கரண்ட் அடிக்கிறது.” டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிந்தது. இரும்புக் குழாயில் மின்சாரமா?

வேலையை நிறுத்திவிட்டு ஒயர்மேனை அழைத்தோம். காரணம் தெரிய அதிக நேரம் ஆகவில்லை. மேல் வீட்டில் கீசர் மாற்றியபோது எர்த் ஒயர் எட்டவில்லை என்று அதைப் பக்கத்தில் இருந்த ஜி.ஐ. குழாயில் சுற்றிவிட்டிருக்கிறார்கள். பழைய வீடுகளில் இது சர்வ சாதாரணம். இரும்புக் குழாய் மண்ணுக்குள் போவதால் அதுவே எர்த்தாக வேலை செய்துவிடும் என்ற நினைப்பு. கீசரின் சூடாக்கும் கம்பியில் லேசாகக் கசிவு. அது குழாய் வழியே இறங்கிக்கொண்டிருந்தது.

இதில் உள்ள அபாயத்தைக் கவனியுங்கள். கீழே ஒரு முழம் இரும்பை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் போட்ட அந்த நிமிடமே மேல் வீட்டுக்கு எர்த் இல்லாமல் போகும். துண்டிக்கப்பட்ட இரும்புப் பகுதியும் அதோடு இணைந்த எல்லா ஷவரும் குழாய்த் தலைகளும் மின்சாரத்தோடு நிற்கும். குழாய் மாற்றம் என்று ஆரம்பித்தது மின்சார வேலையாகவும் ஆகிவிடுவது இங்கேதான். எந்தப் பழைய கட்டடத்திலும் ஜி.ஐ. குழாயைக் கழற்றுவதற்கு முன்பு வீடு வீடாக எர்த் சோதனை செய்தே ஆக வேண்டும்; இதில் சமரசம் கூடாது என்பது என் கட்சி.

நாங்கள் செய்தது: எல்லா வீட்டிலும் கீசர், வாஷிங் மெஷின் பிளக்குகளின் எர்த்தைச் சோதித்தோம். மீட்டர் பலகைக்கு அருகே இருந்த பழைய எர்த் குழி காய்ந்து கிடந்தது. கரியும் உப்பும் போட்ட பழைய முறைக் குழி, தண்ணீர் ஊற்றாவிட்டால் பயனில்லை. புதிய எர்த் குழிகள் போட்டு, பலகையிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எர்த் கம்பி இழுத்தோம். வீட்டுக்கு ஒரு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்துவதையும் கட்டாயமாக்கினோம். கசிவு அந்த அளவைத் தொட்டால் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பொருத்திய முதல் வாரம் “புது ஸ்விட்ச் அடிக்கடி விழுகிறது, பழையதே நன்றாக இருந்தது” என்று சில வீடுகளில் முணுமுணுப்பு. விழுந்த வீடுகளில் தேடியபோது பழைய கீசரோ, நனைந்த பிளக் பெட்டியோ அகப்பட்டது. இதெல்லாம் முடிந்த பிறகே மறுபடி ரம்பத்தைக் கையில் எடுத்தோம்.

குழாய் ஏற்றம்

மீண்டும் ஜி.ஐ. போடலாம், தடித்த ரகமாக எடுத்தால் இன்னொரு தலைமுறைக்கு வரும் என்று ஒருவர் வாதாடினார். எங்கள் தண்ணீருக்கு அது வராது. இறங்கு குழாய்களுக்குத் தடித்த யு.பி.வி.சி., வீட்டுக்குள் வெந்நீர் பக்கம் சி.பி.வி.சி. என்று முடிவானது. இரண்டும் பிளாஸ்டிக் ரகங்கள். யு.பி.வி.சி. சூட்டைத் தாங்காது, கீசருக்குப் பக்கத்தில் அதைப் போட்டால் வளைந்துவிடும். சி.பி.வி.சி. வெந்நீருக்கென்றே செய்தது. விலை வித்தியாசத்தைப் பார்த்து இந்த இரண்டையும் மாற்றிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பசையும் வேறு வேறு. ஒன்றின் டப்பாவை எடுத்து மற்றதில் தடவினால் இணைப்பு அன்றைக்கு நிற்கும், பிறகு என்றைக்காவது கழன்றுகொள்ளும்.

பழைய குழாயைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் புதியதைப் போடுவதுதான் வழக்கம். அப்படிச் செய்தால் ஒரு வரிசையில் இருக்கும் நான்கு வீடுகளும் நாள்கணக்கில் தண்ணீரில்லாமல் கிடக்க வேண்டும். முதியவர்கள் இருக்கும் வீடுகளுக்கு அது தண்டனை. நாங்கள் பழையதைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் புதிய குழாயை முழுதாக ஏற்றினோம். சந்துக்குள் சவுக்குக் கம்பால் சாரம் கட்டிக்கொண்டது பெரிய உதவி. கயிற்றில் தொங்கி வேலை செய்ய ஆட்கள் கிடைப்பார்கள், கூலியும் குறையும். ஆனால் இரண்டு கையாலும் பிடித்துப் பசை போட வேண்டிய வேலைக்குக் காலடியில் பலகை வேண்டும். கடைசிக் கணக்கில் குழாயின் விலையைவிடச் சாரமும் கூலியும்தான் அதிகம். மலிவுக் குழாய் வாங்கி மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளலாம்.

இணைப்பு போடும் முறையில் பிளம்பரோடு எனக்குக் கொஞ்சம் இழுபறி இருந்தது. அவர் ஜி.ஐ. காலத்து ஆள், மரையில் சணல் நூலைச் சுற்றி, வெள்ளை ஈயம் தடவி, பைப் ரிஞ்சைத் தம் கட்டி இழுத்து முறுக்கினால்தான் அவருக்குத் திருப்தி. பிளாஸ்டிக் ஃபிட்டிங்கை அப்படி முறுக்கினால் வெடிப்பு விடும். வால்வு வரும் இடங்களில் பித்தளை மரை பதித்த ஃபிட்டிங், அதற்கு டெஃப்லான் டேப், கையால் முறுக்கி மேலே ஒன்றிரண்டு திருகு, அவ்வளவுதான். பசை இணைப்பில் வேறு கவனம். குழாய் நேராக அறுபட்டிருக்க வேண்டும். உள்ளும் புறமும் பிசிறைச் சீவ வேண்டும். எவ்வளவு ஆழம் போக வேண்டுமோ அங்கே பென்சில் கோடு. இரண்டு பக்கமும் பசை. கோடு வரை தள்ளிக் கால் சுற்று திருப்ப வேண்டும். பிறகு அரை நிமிடம் கையை எடுக்கக் கூடாது. ஃபிட்டிங்கின் உட்பக்கம் சற்றே கூம்பாக இருக்கும், விட்டவுடன் குழாயைப் பின்னால் தள்ளிவிடும். இரண்டாம் நாளே இந்த நுணுக்கத்தைப் பிடித்துக்கொண்ட பிளம்பர், பிறகு தன் உதவியாளர் அரை நிமிடத்துக்கு முன் கையை எடுத்தால் என்னைவிடச் சத்தமாகத் திட்டினார்.

தொட்டியை ஒட்டி 75 மி.மீ. தலைமைக் குழாய், அதிலிருந்து 40 மி.மீ. இறங்கு குழாய்கள், வீட்டுக் கிளை 25. ஒவ்வொரு இறங்கு குழாயின் தலையிலும் வால்வுக்கு அடுத்தபடியாக ஒரு காற்றுக் குழாய், தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே போய் வளைந்து தலைகீழாக நிற்கும், வாயில் கொசுவலை. பழைய அமைப்பில் இது இருந்ததற்கான அடையாளமே இல்லை. மேல் வால்வை மூடியிருக்கும்போது கீழே யாராவது குழாயைத் திறந்தால் உள்ளே காற்று இல்லாமல் உறிஞ்சும். வாளியில் கிடக்கும் ஹோஸின் அழுக்குத் தண்ணீர் மேலே ஏறலாம். மறுபடி திறக்கும்போது காற்று அடைத்துக்கொண்டு தண்ணீர் வர மறுக்கும். இரண்டடிக் குழாய்த் துண்டில் இந்த இரண்டும் தீர்ந்துவிடுகின்றன.

மொட்டை மாடி வெயிலுக்கு இரண்டு ஏற்பாடுகள். பிளாஸ்டிக் இரும்பைப் போலப் பல மடங்கு நீளும். 10 மீட்டர் குழாய் 30 டிகிரி ஏறினால் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை நீளும். அதனால் கிளாம்ப்களை இறுக்காமல் குழாய் நகர இடம் விட்டோம், நீண்ட ஓட்டத்தின் நடுவே ஒரு வளைவும் கொடுத்தோம். வெயிலில் வெளுத்து நொறுங்காமல் இருக்கத் தண்ணீரில் கலக்கும் வெள்ளை பெயின்ட் பூசினோம். தின்னர் கலந்த பெயின்ட் பிளாஸ்டிக்குக்கு ஆகாது.

பசை இறுக ஒரு நாள் விட்டு, கைப்பம்பால் 5 கிலோ வரை அழுத்தம் ஏற்றி அப்படியே விட்டுவைத்தோம். முள் அசையாத வரிசையை மட்டும் வீடுகளோடு இணைத்தோம். காலைச் சமையல் முடிந்த பிறகு பழையதை அறுத்துப் புதியதைச் சேர்த்தால் மாலைக் காபிக்குத் தண்ணீர் வந்துவிடும். அன்று இரவு பிளீச்சிங் பவுடர் கரைசலைக் குழாயில் நிறுத்தி, மறுநாள் எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு வாசனை போகும்வரை ஓட விட்டோம்.

மோட்டார் அறையில்

இரவுச் சத்தத்துக்கு மோட்டாரில் குறை எதுவும் இல்லை. மோட்டார் நின்றதும், மேலே ஏறிக்கொண்டிருந்த தண்ணீர்த் தூண் ஒரு கணம் நின்று கீழே திரும்புகிறது. அது திரும்பிய வேகத்தில் பழைய ஊஞ்சல் கதவு வகை என்.ஆர்.வி. (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) அறைந்து மூடிக்கொள்கிறது. அந்த அறைதான் சுவரை அதிர வைத்தது. ஒவ்வொரு அறைக்கும் மரைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தன. தண்ணீர் திரும்புவதற்கு முன்பே ஸ்பிரிங் விசையில் மூடிக்கொள்ளும் என்.ஆர்.வி.யைப் போட்டதும் சத்தம் ஒழிந்தது. இந்த முழு வேலையிலும் மிகக் குறைந்த செலவு இதுதான்; மிக அதிகமாகப் பாராட்டு கிடைத்ததும் இதற்குத்தான்.

சம்ப் சுத்தம் செய்ததைப் பற்றி ஒரே ஒரு விஷயம். நாள்பட மூடிக் கிடந்த தொட்டிக்குள் யாரையும் உடனே இறக்காதீர்கள். இரண்டு மூடிகளையும் திறந்து, மின்விசிறியால் நெடுநேரம் காற்று அடித்து, மேலே ஒருவர் கயிற்றோடு நிற்க, பிறகே இறக்க வேண்டும். உள்ளே பூச்சு வேலை என்றால் வேலை முடியும்வரை விசிறி ஓட வேண்டும். குடிதண்ணீர்த் தொட்டிதானே என்ற அலட்சியத்தால் போன உயிர்கள் நிறைய.

பிறகு வந்த புகார்கள்

புதிய குழாய் வந்ததும் பாராட்டுகளுக்கு முன் புகார்கள் வந்தன. தரைத்தளத்தில் கழிப்பறைத் தொட்டிகள் ஒழுகத் தொடங்கின, பழைய குழாய்த் தலைகள் சொட்டின. ஓட்டம் இல்லாத காலத்தில் தேய்ந்த வாஷர் யாருக்கும் தெரியவில்லை; இப்போது முழு ஓட்டமும் வந்ததும் ஒவ்வொன்றாக வாயைத் திறந்தன. வீட்டுக்குள் இன்னமும் ஜி.ஐ. வைத்திருப்பவர்களுக்கு உதிர்ந்த துரு வந்து ஷவர் கண்களை அடைத்தது. ‘வால்வுக்கு உள்ளே வீட்டுக்காரர் பொறுப்பு’ என்று கையெழுத்து வாங்கியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று அப்போது தெரிந்தது. ஒரு வீட்டில் மட்டும் குளிர்ந்த தண்ணீர்க் குழாயில் வெந்நீர் வந்தது. கீசருக்குப் போகும் குழாயில் என்.ஆர்.வி. இல்லை. சின்னத் துண்டு, மாட்டியதும் சரியாயிற்று.

மூன்றாம் மாடியில் ஷவர் இப்போது ஷவராக விழுகிறது. ஆனாலும் 3 மீட்டர் உயரத்துக்கு உரிய அழுத்தம்தான் அங்கே வரும். ஓட்டல்களில் பார்த்த அகலத் தட்டு ஷவரை மாட்டிவிட்டு “இன்னும் போதவில்லை” என்று ஒருவர் வந்தார். அவருடைய கிளைக் குழாயில், வால்வுக்கு உள்பக்கம் சிறிய பம்ப் வைத்துக்கொள்ளலாம், பொதுக் குழாயிலிருந்து உறிஞ்சிப் பக்கத்து வீட்டை வற்றவைக்காதபடி நடுவில் ஒரு சிறு தொட்டி வைத்துக்கொண்டால் போதும் என்று சொல்லியிருக்கிறோம். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

எல்லா வால்வுகளின் எண்ணும், எது எந்த வீட்டுக்கு என்பதும் இப்போது ஒரு தாளில் இருக்கிறது. லேமினேட் செய்து மோட்டார் அறையிலும் காவலாளி அறையிலும் மாட்டியிருக்கிறோம். சந்தில் மூடுவதற்கு முன் எடுத்த படங்களைச் சங்கத்தின் கணினியில் தளவாரியாகச் சேர்த்து வைத்தோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வால்வையும் ஒருதரம் மூடித் திறக்க வேண்டும் என்பது காவலாளியின் வேலைப் பட்டியலில் ஏறியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் தொடாத வால்வு அவசரத்துக்கு மூடாது.

மேற்குச் சந்தில் கழிவுநீர்க் குழாய்கள் மிச்சம். வார்ப்பிரும்பு, ஈயம் உருக்கி ஊற்றிய இணைப்புகள். இரண்டு இடத்தில் நெடுக்காக விரிசல் தெரிகிறது. அதே சந்தில் மழைநீர் இறங்குவது ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாயில். உலர்ந்த நிலையில் அதை வெட்டுக் கருவியால் அறுத்தால் கிளம்பும் தூசு நுரையீரலுக்கு எமன். நன்றாக நனைத்து, உடைக்காமல் முழு நீளமாகக் கழற்றி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி இறக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் முடிக்கப் பார்க்கிறோம். வந்திருக்கும் மூன்று மதிப்பீடுகளில் ஒன்றில் மட்டும் இந்தக் குழாயை எப்படிக் கழற்றுவார்கள், எங்கே கொண்டுபோவார்கள் என்று எழுதியிருக்கிறது. மற்றவர்களைவிடத் தொகை அதிகம்தான். அடுத்த வாரம் சந்தைப் பார்க்க அவர்களை வரச் சொல்லியிருக்கிறேன்.